நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவே: பல்லடம் பக்கத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக வேலை பார்க்கும் 23 வயதுப் பெண்ணை, நிச்சயம் முடிந்த நான்காவது மாதத்தில், பேசி முடித்திருந்த மாப்பிள்ளை காருக்குள் வைத்துக் கன்னத்தில் அறைந்தார். மணிக்கட்டைப் பிடித்து முறுக்கியதில் கண்ணாடி வளையல்கள் உடைந்து கை கிழிந்தது. கல்யாணத்துக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது. அந்த அறைக்கு முன்பு நடந்தவற்றையும், அதன்பிறகு அந்தப் பெண்ணும் அவரைச் சுற்றியிருந்த இளைஞர்களும் அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். வீட்டுப் பெண்பிள்ளையை இந்தப் பக்கம் எப்படிக் கூப்பிடுவார்களோ அப்படியே அவரை அம்மிணி என்று குறிப்பிடுகிறேன்.

குடும்ப ஆலோசனைப் பணியில் இளைஞர்களோடு பேசிப் பேசி எனக்கு உறுதிப்பட்ட ஒன்று உண்டு. கட்டிக்கொள்ளப் போகிறவளை அடிக்கலாமா என்று கேட்டால், இன்றைய பிள்ளைகள் கூடாது என்று தயங்காமல் சொல்கிறார்கள். ஆனால் அடிக்கு முன்னால் வரும் காவலையும் வேவு பார்ப்பதையும் அக்கறைக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். கை ஓங்கப்படும் நாளில் அதற்கான அனுமதி பல மாதங்களுக்கு முன்பே கொடுக்கப்பட்டுவிட்டிருக்கிறது. அம்மிணியின் கதையில் இது வெளிச்சமாகத் தெரிகிறது.

பின்னணி

அம்மிணியின் அப்பா எட்டு விசைத்தறிகளை வைத்துக் கூலிக்கு நெய்கிறார். பாவு பிணைக்க ஆள் வராத நாளில் அம்மாவே தறிக்குடோனில் உட்கார்ந்துவிடுவார். அம்மாவைப் பெற்ற அமுச்சியும் இவர்களோடுதான் இருக்கிறார். தம்பி பெருந்துறையில் பொறியியல் மூன்றாம் ஆண்டு. அந்த வீட்டில் முதல் பட்டம் அம்மிணி வாங்கியது. தம்பியின் ஹாஸ்டல் கட்டணத்தை அவர் சம்பளம்தான் கட்டுகிறது.

மெர்ச்சண்டைசர் வேலை என்பது துணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்துக்கும் (பையர்) தொழிற்சாலைக்கும் நடுவில் நிற்கும் வேலை. நூல் வருவதிலிருந்து சாயம், சாம்பிள், தையல், செக்கிங், பேக்கிங் வரை எது தாமதமானாலும் கேள்வி இவரிடம்தான் வரும். ஷிப்மெண்ட் தேதி நெருங்கினால் வீட்டுக்குக் கிளம்ப இரவு ஒன்பது, பத்து ஆகிவிடும். கைபேசி இல்லாமல் அந்த வேலை ஓடாது. பேச வேண்டியவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இது முக்கியம்.

மாப்பிள்ளைக்கு 29 வயது. கோபிசெட்டிபாளையம் பக்கம், தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் நெல் விளையும் பூமி. அவர் கோவை சரவணம்பட்டியில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். தரகர் கொண்டுவந்த ஜாதகம் பொருந்தியது. விசாரித்தார்கள்: குடி இல்லை, சிகரெட் இல்லை, கடன் இல்லை, சம்பளம் உண்மைதான். அவருடைய அப்பா அம்மாவை எப்படி நடத்துகிறார் என்று யாரும் கேட்கவில்லை. அந்த ஊரில் எவரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது. நிலமும் நகையும் விசாரிக்கத் தெரிந்த நமக்கு இதை விசாரிக்கத் தெரியாமல் போனதைப் பற்றி எனக்கு நெடுநாளாக வருத்தம் உண்டு.

நிச்சயம் வைகாசியில் நடந்தது. ஆனியில் மண்டபம் கிடைக்கவில்லை. ஆடியில் செய்வதில்லை. ஆவணியில் மாப்பிள்ளையின் அக்காவுக்குப் பிரசவம். தள்ளித் தள்ளித் தை மாதத்துக்கு முகூர்த்தம் குறித்தார்கள்.

நான்கு மாதங்கள்

முதல் சில வாரங்கள் மகிழ்ச்சியாகவே போயின. அலாரம் அடிப்பதற்கு முன்னால் மாப்பிள்ளையின் அழைப்பு வந்துவிடும். சாப்பிட்டாயா, பஸ் கிடைத்ததா, தலைவலி போயிற்றா என்று கேட்பார். அம்மிணி அவரை மாமா என்று கூப்பிடத் தொடங்கினார். அலுவலகத்தில் தோழிகள் கேலி செய்ததுகூட இனித்தது என்றார்.

ஒருநாள் பல்லடம் சாலையில் பஸ் பழுதாகி வீடு சேரத் தாமதமானது. அன்று இரவு, வாட்ஸாப்பில் லைவ் லொகேஷன் போட்டு வைத்தால் தனக்கு நிம்மதியாக இருக்கும் என்றார் மாப்பிள்ளை. அம்மிணி போட்டார். அம்மாவுக்குப் பூரிப்பு. "இப்போதே இவ்வளவு அக்கறையா!" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டார்.

அடுத்தது அவருடைய பிறந்தநாள். என்ன பரிசு வேண்டும் என்று அம்மிணி கேட்டதற்கு, இன்ஸ்டாகிராம் பாஸ்வேர்ட் போதும் என்றார். அம்மிணி சிரித்துக்கொண்டே கொடுத்தார். கூடப் படித்த பையன்கள் ஒவ்வொருவராகப் பட்டியலிலிருந்து காணாமல் போனார்கள். வகுப்புத் தோழன் ஒருவன் கல்யாணப் பத்திரிகை அனுப்பி, பதிலே இல்லை என்று வேறொரு தோழியிடம் குறைபட்ட பிறகுதான் அம்மிணிக்கு இது தெரிந்தது. கேட்டதற்கு, "உனக்கு எதற்கு அவர்கள் எல்லாம்?" என்று பதில் வந்தது.

பிறகு வேலை நேரத்தில் வீடியோ கால். பக்கத்து மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று காட்ட வேண்டும். மூன்றாவது மணி அடிப்பதற்குள் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் இரண்டு நாள் பேச்சு நின்றுவிடும். அந்த இரண்டு நாளும் அம்மிணி செய்தி அனுப்பி அனுப்பி மன்றாட வேண்டும். மூன்றாம் நாள் அலுவலக வாசலுக்குப் பூங்கொத்தோ கேக்கோ வரும். கேக்கை வெட்டிச் சக ஊழியர்களுக்குக் கொடுக்கும்போது, எவ்வளவு நல்லவர் அமைந்திருக்கிறார் என்று எல்லோரும் சொல்வார்கள். அம்மிணியும் அதை நம்பினார். கழிவறைக்குப் போனாலும் கையில் போன். ஒரு முறை சாயத்துக்கு பையர் அனுப்பிய ஒப்புதலைக் கவனிக்காமல் விட்டு, மேலாளரிடம் திட்டு வாங்கினார்.

அன்னூர் சாலை

ஆவணிக் கடைசியில் முகூர்த்தப் பட்டுக்கு ஆர்டர் கொடுக்க இரு குடும்பமும் சிறுமுகை போயின. நெய்து வாங்குவதாக இருந்ததால் முன்கூட்டியே போக வேண்டியிருந்தது. திரும்பும்போது பெரியவர்கள் வேனில் ஏறினார்கள். நிச்சயம் ஆனவர்கள்தானே என்று இவர்களைக் காரில் விட்டார்கள்.

அன்னூர் தாண்டியதும் அம்மிணியின் போன் அடித்தது. டையிங் யூனிட் மேனேஜர். மறுநாள் போக வேண்டிய ஒரு லாட்டில் நிறம் மாறியிருக்கிறது, என்ன செய்ய என்று கேட்டார். அம்மிணி பேசினார். போனை வை என்றார் மாப்பிள்ளை. ஒரு நிமிடம் என்று அம்மிணி கை காட்டினார். மாப்பிள்ளை வண்டியை ஓரம் கட்டி, போன் இருந்த கையை முறுக்கினார். போன் காலடியில் விழுந்தது. "ஞாயிற்றுக்கிழமைகூட உனக்கு ஆம்பளையோடு பேச வேண்டுமா?" என்று கேட்டு அறைந்தார். பிறகு ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அவரே அழுதார். அம்மிணிதான் சமாதானம் சொன்னார். வழியில் மருந்துக்கடையில் பஞ்சும் பிளாஸ்திரியும் வாங்கித் தந்தது மாப்பிள்ளை.

கடையில் கூட்டத்தில் வளையல் உடைந்துவிட்டது என்று அம்மிணி வீட்டில் சொல்லிவிட்டார். அந்த வாரம் முழுவதும் முழுக்கைச் சுடிதார். கை கழுவும் இடத்தில் அதைக் கண்டுபிடித்தவர், அதே நிறுவனத்தில் செக்கிங் பிரிவில் வேலை செய்யும் ஓர் அக்கா. அடி தாங்காமல் கைக்குழந்தையோடு புருஷன் வீட்டை விட்டு வெளியேறியவர் அவர். கேள்வி ஏதும் கேட்காமல், "வெயிலுக்கு இப்படிப் போட்டால் புண் ஆறாது, சட்டையை மடித்து விடு" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். மூன்றாம் நாள் அம்மிணியே அவரிடம் பேசினார். அவர்தான் என்னிடம் அழைத்துவந்தார்.

முதல் அமர்வில் அம்மிணி சொன்ன வாக்கியத்தை அப்படியே தருகிறேன்: "அவர் அடித்தது தப்புதான் மேடம். ஆனால் நானும் போனை எடுத்திருக்கக் கூடாது."

இதே வடிவில் வேறு எத்தனையோ பெண்கள் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். முதல் பாதி பள்ளியிலும் கல்லூரியிலும் கற்றது. இரண்டாம் பாதி வீட்டில் பார்த்தது. தேசிய குடும்ப நல ஆய்வு, கணவன் மனைவியை அடிப்பதற்கு நியாயம் உண்டா என்பதை ஏழு காரணங்களைச் சொல்லிக் கேட்கிறது: சொல்லாமல் வெளியே போனால், வீட்டையோ குழந்தைகளையோ கவனிக்காவிட்டால், எதிர்த்துப் பேசினால், உறவுக்கு மறுத்தால், சரியாகச் சமைக்காவிட்டால், நடத்தையில் சந்தேகம் வந்தால், மாமனார் மாமியாரை மதிக்காவிட்டால். 2019-21 சுற்றில் நாடு முழுவதும் பெண்களில் 45 சதவீதமும் ஆண்களில் 44 சதவீதமும் இவற்றில் ஒன்றுக்காவது நியாயம் உண்டு என்றார்கள். பெண்கள் அதிகமாக ஒப்புக்கொண்ட காரணம் மாமனார் மாமியார் மரியாதை. அதே சுற்றில், தமிழ்நாட்டில் திருமணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் 38 சதவீதம் பேர் கணவனின் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். நாட்டின் சராசரி 29. படிப்பிலும் வேலையிலும் முன்னால் நிற்கும் மாநிலத்துக்கு இந்த எண் பெரிய தலைகுனிவு.

அம்மிணியிடம் ஏழு காரணங்களையும் படித்துக் காட்டினேன். எல்லாவற்றுக்கும் கூடாது என்றார். எதிர்த்துப் பேசுவதும் வேலை விஷயமாகப் போன் பேசுவதும் வேறுவேறா என்று கேட்டேன். வெகுநேரம் பதில் வரவில்லை.

நடந்தவற்றைத் தேதி போட்டு எழுதி வரச் சொன்னேன். போனில் அழைப்புப் பட்டியலைப் பார்த்து எழுதினார். ஒரு ஷிப்மெண்ட் நாளில் காலை பத்துக்கும் மாலை ஏழுக்கும் இடையில் மாப்பிள்ளையிடமிருந்து 41 அழைப்புகள். ஒவ்வொன்றாக எடுத்தபோது தெரியாதது, கோடு போட்ட நோட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியபோது தெரிந்தது. இரண்டாம் பக்கம் திரும்பியதும் பேனாவை வைத்துவிட்டேன் என்றார்.

மாப்பிள்ளை சொன்னது

அம்மிணியின் சம்மதத்தோடு மாப்பிள்ளையையும் சந்தித்தேன். தாய்மாமனோடு வந்திருந்தார். மாமனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் பேசினோம். மரியாதையாகப் பேசினார். எதையும் மறுக்கவில்லை.

"என் அப்பா என் அம்மாவைக் களத்தில் எல்லோரும் பார்க்க அடிப்பார் மேடம். அப்படி இருக்கக் கூடாது என்றுதான் வளர்ந்தேன். நான் செய்தது ஒரே ஒரு முறை. அதுவும் யாரும் பார்க்காத இடத்தில். உடனே மன்னிப்பும் கேட்டேன். அதற்குமேல் நான் என்ன செய்ய வேண்டும்?"

அவர் நடிக்கவில்லை. அப்பாவோடு தன்னை ஒப்பிட்டுத் தன்னை நல்லவராகவே கண்டிருக்கிறார். அடி விழும் வீட்டில் வளர்ந்த ஆண்கள் எல்லோரும் அடிப்பதில்லை. ஆனால் தன் தாய் அடிபட்டதைப் பார்த்து வளர்ந்த பெண்களே கணவனிடம் அதிகம் அடிபடுகிறார்கள் என்பதைக் குடும்ப நல ஆய்வு தெளிவாகக் காட்டுகிறது. பையன்கள் அதே வீட்டில்தான் வளர்கிறார்கள். இவர் அடியை வெறுக்கக் கற்றிருக்கிறார். அப்பா ஏன் அடித்தார், அம்மா யாருடைய சொத்தாக இருந்தார் என்ற கேள்விக்கு வரவில்லை. பாஸ்வேர்ட், லொகேஷன் பற்றிக் கேட்டபோது அவருக்கு உண்மையிலேயே வியப்பு: "கட்டிக்கொள்ளப் போகிறவளிடம் அந்த உரிமைகூட இல்லையா?"

தொடர்ந்து வந்து பேசலாம் என்று அழைத்தேன். வருகிறேன் என்று போனவர் வரவில்லை.

தம்பி

இந்த நிகழ்வில் என்னை அதிகம் யோசிக்க வைத்தவர் அம்மிணியின் தம்பி. இருபது வயது. விஷயம் தெரிந்த அன்று நண்பர்களோடு சரவணம்பட்டிக்குக் கிளம்பியவரை அப்பா தடுத்து என்னிடம் அனுப்பினார். அரை மணி நேரத்தில் மூன்று விஷயங்கள் சொன்னார்.

"என் அக்காவை அடிக்க அவன் யார்?" முதலில் வந்தது. கொஞ்சம் ஆறியபின், "அக்காவும் போனை அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று வைத்திருக்கலாம்." கிளம்பும்போது, "கல்யாணத்துக்கு முன்பேவா இப்படி?"

இந்த மூன்றாவதில் நின்றேன். கல்யாணத்துக்குப் பிறகு என்றால் சரியா என்று கேட்டேன். அப்படிச் சொல்லவில்லை என்று பதறினார். அப்படி நினைக்கவும் இல்லை என்பதை நம்புகிறேன். ஆனால் அடிக்க இன்னும் நேரம் வரவில்லை என்ற கோபம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. முதல் வாக்கியத்திலும் அதுதான்: அடிக்கும் உரிமை யாரிடமிருந்து யாருக்கு எப்போது கைமாறுகிறது என்ற தகராறு.

சில வாரங்கள் கழித்து அவராகவே வந்தார். வேறு கல்லூரியில் படிக்கும் ஒரு பெண்ணை அவர் விரும்புகிறார். அந்தப் பெண்ணின் பாஸ்வேர்டும் இவரிடம் இருந்திருக்கிறது. ஒரு பையனை பிளாக் செய்யச் சொல்லி, அந்தப் பெண்ணும் செய்திருக்கிறாள். "அக்கா எழுதிய நோட்டைப் படித்தேன் மேடம். அதில் பாதி நான் செய்வது. அவளுக்குப் பிடிக்காமல் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை."

அவர் என்ன செய்தார் தெரியுமா? அந்தப் பெண்ணிடம் பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளச் சொன்னார், இனிமேல் பார்க்கமாட்டேன் என்றார். அந்தப் பெண் அன்றிரவு அழுதுகொண்டே அழைத்தாளாம். என்மேல் கோபமா, வேறு யாரையாவது பிடித்துவிட்டதா, ஏன் திடீரென்று அக்கறை இல்லாமல் போயிற்று என்று. அவள் தவிப்பு எனக்குப் புரிகிறது. தன்னைக் கண்காணிக்காதவனுக்குத் தன்மேல் அன்பில்லை என்று நம்பும்படி அவள் வளர்ந்திருக்கிறாள். தம்பிக்கு அவளிடம் விளக்கிச் சொல்லத் தெரியவில்லை. இரண்டு பேரையும் சேர்ந்து வரச் சொன்னேன், வந்தார்கள். இப்போதும் அவ்வப்போது வருகிறார்கள்.

மற்ற பிள்ளைகள்

அடையாளம் தெரியாதபடி மாற்றி, இந்த நிகழ்வைக் கோவையில் ஒரு கல்லூரி மாணவர்களிடமும், உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு நூற்பாலை விடுதிப் பெண்களிடமும் சொல்லி, கருத்துக் கேட்டேன்.

கல்லூரிப் பையன்கள் அறைந்தது தவறு என்றதில் ஒருமித்து நின்றார்கள். லொகேஷன் கேட்டதில் தவறில்லை என்றதிலும் பெரும்பாலும் ஒருமித்து நின்றார்கள். பெண்கள் சிலர், கோபமே வராதவனோடு எப்படி வாழ்வது, அவனுக்குப் பிரியம் இருக்கிறதென்று எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை வைத்து 2008இல் செம்மைப்படுத்தப்பட்ட 17 கேள்விகள் கொண்ட மனப்பான்மை அளவுகோல் ஒன்று, உடல் வன்முறை, கட்டுப்பாடு, வசை ஆகிய மூன்றையும் தனித்தனியாக அளக்கிறது. அப்படிப் பிரித்துக் கேட்பது எவ்வளவு அவசியம் என்பது அந்த அறையில் எனக்கு விளங்கியது. அடியைப் பற்றி மட்டும் கேட்டிருந்தால், எல்லோரும் தெளிவாக இருக்கிறார்கள் என்று நிறைவோடு திரும்பியிருப்போம்.

விடுதியில் ஒரு பெண் சொன்னதை மறக்க முடியாது. "இங்கே வார்டன் போனை வாங்கி வைத்துக்கொள்வார். ஊருக்குப் போனால் அண்ணன் வாங்கிப் பார்ப்பான். கட்டப்போகிறவர் பார்த்தால் அதில் புதிதாக என்ன இருக்கிறது?" நான் கேட்ட கேள்விக்கு இதைவிடச் சரியான பதில் இல்லை.

காதலிப்பவர்களின் நிலை இன்னும் இறுக்கமானது. சாதி மாறிக் காதலிக்கும் பெண் ஒருத்தி அடிபட்டால் வீட்டில் சொல்ல முடியாது. சொன்னால் அடியை விசாரிக்க மாட்டார்கள், காதலை விசாரிப்பார்கள். படிப்பு நிற்கும், அவசரக் கல்யாணம் நடக்கும். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை பஸ் நிலையம் அருகே பட்டப்பகலில் நடந்த ஆணவக் கொலை இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நினைவில் இருக்கிறது. தன்னை அடிப்பவனைக் காட்டிக்கொடுத்தால் அவன் உயிருக்கே ஆபத்து வருமோ என்று பயந்து வாயை மூடிக்கொண்ட பெண்ணை எனக்குத் தெரியும். ஒரு சமூகம் தன் பெண்களை இதைவிடக் கொடுமையான இடத்தில் நிறுத்த முடியாது.

சட்டம்

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் அமலில் இருக்கிறது. ஒரே வீட்டில் வாழ்கிற அல்லது வாழ்ந்த உறவுகளுக்குத்தான் அது பொருந்தும். கல்யாணம் போன்ற உறவும் அதில் அடங்கும் என்றாலும், அதன் எல்லையை உச்ச நீதிமன்றம் 2010 அக்டோபரில், கோவைக் குடும்ப நீதிமன்றத்தில் தொடங்கிய ஒரு ஜீவனாம்ச வழக்கில் வரையறுத்தது: இருவரும் ஊரறியத் தம்பதியாக, குறிப்பிடத்தக்க காலம் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். நிச்சயம் மட்டும் ஆன அம்மிணி இதற்குள் வரமாட்டார். விரும்பிப் பழகும் பெண்ணும் வரமாட்டாள்.

மிஞ்சுவது, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா. காயப்படுத்துவதற்குப் பிரிவு 115, மிரட்டலுக்கு 351. பின்தொடர்தலுக்கான பிரிவு 78, ஒரு பெண்ணின் இணையத் தொடர்புகளைக் கண்காணிப்பதையும் குற்றம் என்கிறது. ஆனால் பாஸ்வேர்டை நீதானே கொடுத்தாய் என்ற கேள்வி முதலில் வந்து நிற்கும். இங்கிலாந்தில் 2015ஆம் ஆண்டுச் சட்டம், நெருங்கிய உறவில் ஒருவரைத் தொடர்ந்து கட்டுப்படுத்தி அச்சத்தில் வைப்பதையே குற்றமாக்கி, ஐந்து ஆண்டு வரை சிறை விதிக்கிறது. சேர்ந்து வாழாத காதலர்களுக்கும் அது பொருந்தும். அப்படி ஒன்று இங்கே வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

திருப்பூரில், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் அரசின் ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு அம்மிணியை அழைத்துப்போனேன். கைக் காயத்தைப் பதிவு செய்து, சட்ட ஆலோசனையும் தந்தார்கள். பெண்களுக்கான உதவி எண் 181ஐயும் போனில் பதிந்துகொண்டார். காவல் நிலையம் வேண்டாம் என்றார். பொள்ளாச்சிப் பாலியல் வழக்கில் 2019இல் புகார் கொடுத்த பெண்ணின் பெயர் காவல்துறைத் தரப்பிலிருந்தே வெளியானது. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது பெரிய தீர்ப்புதான். இருந்தும் நான் பேசிய பெண்களில் பலர், அந்தப் பெயர் வெளியானதைத்தான் முதலில் சொல்கிறார்கள். 2022இல் கோவை மாநகரக் காவல்துறை கல்லூரிகளில் தொடங்கிய, மாணவிகள் குறைகளைச் சொல்லப் பெண் காவலரைப் பொறுப்பாக்கும் போலீஸ் அக்கா திட்டம் மாணவிகளுக்கு நெருக்கமான வழி. வேலைக்குப் போகும் பெண்ணுக்கும், நூற்பாலை விடுதிப் பெண்ணுக்கும் அப்படி ஓர் அக்கா வேண்டும்.

வீட்டின் கணக்கு

நிச்சயத்தை முறி என்று நான் சொல்லவில்லை. லொகேஷனை நிறுத்திவிட்டு, பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, அதை அவரிடம் நேராகச் சொல்லிப் பார்ப்பதென்று அம்மிணிதான் தீர்மானித்தார். பிரியம் என்றால் பொறுப்பார், இல்லையென்றால் தெரிந்துவிடும் என்றார். கட்டுப்பாட்டிலிருந்து பெண் விலகத் தொடங்கும் காலம்தான் ஆபத்து அதிகமான காலம். அதனால் செக்கிங் அக்கா தினமும் பஸ் ஏற்றிவிடுவதாக ஏற்பாடு. நிறுவனத்தின் காவலாளியிடம் சொல்லிவைத்தோம். தோழி ஒருத்தியின் வீட்டில் இரண்டு செட் துணியும் சான்றிதழ்களும் வைக்கப்பட்டன.

நான்காம் நாள் மாப்பிள்ளை நிறுவன வாசலில் வந்து நின்றார். காவலாளி உள்ளே விடவில்லை. அன்று மாலை அவருடைய அம்மா அம்மிணி வீட்டுக்குப் போன் செய்து, உங்கள் பெண்ணுக்கு வேறு தொடர்பு இருக்கிறது என்றார். அப்போதுதான் அம்மிணி வீட்டில் எல்லாவற்றையும் சொன்னார்.

அமுச்சி, "கட்டிக்கொண்டால் சரியாகிவிடும், உங்கள் அப்புச்சி அடிக்காததா?" என்றார். அம்மா செலவைச் சொல்லி அழுதார். மண்டபத்துக்கு அட்வான்ஸ், சமையல்காரருக்கு அட்வான்ஸ், சிறுமுகையில் தறியில் ஏறிவிட்ட பட்டு. அதற்குமேல் நிச்சயம் நின்றுபோன பெண் என்ற பேர். அப்பா கேட்டது ஒன்றுதான்: "அம்மிணி, வேலையை விட்டுவிட்டால் அவர் அடிக்கமாட்டாரா?" வேலையை விட்டால் வேறு காரணம் வரும் அப்பா என்றார் மகள். அவர் எழுந்து தறிக்குடோனுக்குப் போய்விட்டார்.

இன்னொரு மாப்பிள்ளை கிடைக்கமாட்டான் என்ற பயத்துக்கு மட்டும் இங்கே பதில் எழுதியாக வேண்டும். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், கொங்கின் விளிம்பில் இருக்கும் சேலம் மாவட்டத்தில் ஆறு வயது வரையிலான ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகளே இருந்தார்கள். அந்தப் பையன்கள்தான் இன்று கல்யாண வயதில் இருக்கிறார்கள். காடு தோட்டம் இருந்தும் பெண் கிடைக்காமல் முப்பதைத் தாண்டிய பையன்களைப் பற்றி இந்தப் பக்கம் பேசாத வீடு இல்லை. பெண் வீட்டார் பயந்து அடங்க வேண்டிய காலமே அல்ல இது. பெற்றோரிடம் இதைச் சொன்னபோது, அம்மா அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை அப்பா தரகரை அழைத்து, கல்யாணம் வேண்டாம் என்றார். நிச்சய மோதிரமும் புடவையும் ஊர்ப் பெரியவர் இருவர் மூலம் திருப்பிக் கொடுக்கப்பட்டன. மண்டப அட்வான்ஸ் திரும்பவில்லை. பட்டுக்கு அம்மிணியே பணம் கட்டி வாங்கிக்கொண்டார். மூன்று மாதம் தொந்தரவு இருந்தது: புதுப்புது எண்களிலிருந்து அழைப்புகள், ஒரு முறை பஸ் நிறுத்தத்தில் வழிமறிப்பு. அதைத் தேதியோடு நோட்டில் எழுதி, வழக்கறிஞர் மூலம் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியபின் நின்றது.

இரு வீடும் வெளியே சொல்லிக்கொள்ள ஒரு காரணத்தை ஒப்புக்கொண்டிருந்தன. ஜாதகத்தில் ஏதோ தோஷம் பின்னால் தெரியவந்தது என்று. இப்படி நின்றுபோகும் நிச்சயங்கள் எல்லாமே ஜாதகத்தின் பேரில்தான் நிற்கின்றன. அடி எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை, அடுத்த பெண் வீட்டாருக்கும் தெரிவதில்லை. பங்குனியில் அதே மாப்பிள்ளைக்குத் தாராபுரம் பக்கம் பெண் பார்க்கிறார்கள் என்று செய்தி வந்தது. அம்மிணிக்கு இரண்டு நாள் தூக்கமில்லை. யாரென்றே தெரியாத அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது, சொன்னால் பொறாமையில் சொல்வதாக நினைப்பார்களா, தன் பேர்தானே கெடும் என்றெல்லாம் என்னிடம் கேட்டார். நான் சொல்லக்கூடாது, இங்கே கேட்டதை வெளியே கொண்டுபோகும் உரிமை எனக்கில்லை. சொல்வதும் விடுவதும் அவர் கையில்தான் இருந்தது.

அவர் அப்பாவிடம் பேசினார். அப்பா தரகரைத் தறிக்குடோனுக்கே வரச்சொல்லி, தறிகளை நிறுத்திவிட்டு, ஜாதகத்தில் எந்தக் குறையும் இல்லை, பையன் என் மகளை அடித்தான், அதனால்தான் நிறுத்தினோம், கேட்கிறவர்களிடம் இதையே சொல்லுங்கள் என்றார்.